ஒரு சாண் வெளுப்பு

"ஆர்லீ, தொங்க விட்டியா?"

கணவர் டெல்மரின் குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. மணி மூன்றரை. தினமும் இதே மணிக்கு, இதே கேள்வி.

"விட்டாச்சு," என்றாள் ஆர்லீன், கராஜில் மடக்கு நாற்காலியில் சாய்ந்தபடியே.

அவள் எதையும் தொங்கவிடவில்லை. கனத்த போர்வைகள் நான்கும் மூலையில் மடித்தது மடித்தபடி கிடந்தன. மேலே நல்ல தூசி. கராஜ் கதவின் மேல்வரிசைக் கண்ணாடிகள் வழியாக அரிசோனா வெயில் சொந்த வீட்டுக்குள் வருவது போலத் தாராளமாக நுழைந்து, சிவப்பு ஓல்ட்ஸ்மொபில் காரின் டிக்கிமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆர்லீன் ஐஸ் டீயை ஒரு வாய் குடித்தாள். பிறகு ஒரு சத்தத்துக்காகப் பக்கத்திலிருந்த ஏணியைக் காலால் தள்ளினாள். அது சிமெண்ட் தரையில் கிறீச்சென்று நகர்ந்தது.

"பாத்து ஏறு," என்றது உள்ளேயிருந்து குரல்.

"ஏறிட்டேன், எறங்கிட்டேன். நீ மேட்ச்சைக் கேளு."

ஒன்றரை வருடமாக இந்த நாடகம் நடந்துகொண்டிருக்கிறது. முதலில் இது அவளுக்குச் சின்ன ஓய்வாக இருந்தது. இந்த ஆகஸ்டிலிருந்து அதுவும் போய்விட்டது. இப்போது மூன்றரை மணி நெருங்கினாலே கடிகாரத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. காரணம், அந்த டிக்கியில் ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்பு செத்துவிட்டது. டெல்மருக்குத் தெரியாது. வருகிற சனிக்கிழமை தெரிந்துவிடும்.

டெல்மர் ஒஹையோவில், டொலீடோ நகரத்தில், நாற்பத்தொரு வருடம் அடிபட்ட கார்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். ஊரார் கார்களுக்கெல்லாம் புதுத் தோல் போட்டு அனுப்பிய மனிதர், தன் காரில் மட்டும் ஒரு பொட்டுப் புதுப் பெயிண்ட் பட விட்டதில்லை. 1965இல் தொழிற்சாலையில் அடித்த சிவப்பு எதுவோ, அதுவேதான் இன்றைக்கும். "புதுசா அடிக்க எந்தக் கழுதையாலயும் முடியும். இருக்கறத இருக்கற மாதிரி வெச்சிருக்கறதுக்குத்தான் ஆளு வேணும்," என்பார். மனைவியிடம் இதைச் சொல்லும்போது அவர் அவளைப் பாராட்டுகிறாரா, காரைப் பாராட்டுகிறாரா என்று ஆர்லீனுக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

ஓய்வு பெற்றதும் அரிசோனாவுக்கு வந்ததே அந்தக் காருக்காகத்தான். ஒஹையோவில் பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு இரும்பைத் தின்றுவிடும். இங்கே உப்பு கிடையாது, ஈரம் கிடையாது, துரு என்ற பேச்சே கிடையாது. டிசம்பர் மாதத்தில் வந்து, மாலை வெயில் பதமாக உடம்பில் பட்ட சுகத்தில் மயங்கி, மேற்குப் பார்த்த கராஜ் உள்ள வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். குளிர் நாட்டுக்காரர்களுக்கு வெயில் என்றால் விருந்தாளி. ஜூன் மாதத்தில் அது எந்த முகத்தோடு வரும் என்று யார் யோசித்தார்கள்? உப்புக்குப் பயந்து இரண்டாயிரம் மைல் ஓடி வந்தவர் சூரியனிடம் மாட்டிக்கொண்டார்.

காருக்கு உறை போட்டால் என்ன என்று அவள் கேட்டதுண்டு. உறையில் ஒட்டும் தூசி பெயிண்டைக் கீறிவிடுமாம். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டலாமே என்றால், காலனிச் சங்கம் விடாது. தெரு முழுக்கக் கராஜ் கதவுகள் ஒரே மாதிரி இருக்க வேண்டும், கண்ணாடியில் எதுவும் தெரியக் கூடாது என்பது விதி. தினமும் காலை எட்டு மணிக்குச் சங்கத்து ஆள் கோல்ஃப் வண்டியில் நோட்டுப் புத்தகத்தோடு ஊர்வலம் வருவார். ஆகவே டெல்மர் ஒரு வழி கண்டுபிடித்தார். வீடு மாற்றுகிறவர்கள் மேஜை நாற்காலிக்குச் சுற்றும் கனத்த போர்வைகள் நான்கு. கதவுக்கு உள்பக்கம் கொக்கிகள். மூன்றரைக்கு மாட்ட வேண்டும், காலை எட்டுக்கு முன்னால் கழற்ற வேண்டும். ஒன்பது வருடம் இந்தத் திருப்பணியை அவரே செய்தார்.

பிறகு கண் போனது. முழுதாகப் போகவில்லை, நடுவில் மட்டும் போனது. ஓரம் இருக்கிறது. "உன்னை நேராப் பாத்தா மூஞ்சி இருக்காது, ரெண்டு காது மட்டும்தான் இருக்கும்," என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதன் பிறகு போர்வை வேலை ஆர்லீனுக்கு வந்தது.

வந்தது அது மட்டுமா? அவர் சாப்பாட்டுத் தட்டைக் கடிகார முகமாக நினைத்து, கறி பன்னிரண்டு மணிப் பக்கம், உருளைக்கிழங்கு மூன்று மணிப் பக்கம் என்று சொல்ல வேண்டும். கறியை நறுக்க வேண்டும். கடிதங்களைப் படித்துக் காட்ட வேண்டும். நாளுக்கு மூன்று தடவை சொட்டு மருந்து, மாதம் ஒருமுறை கண்ணில் ஊசி போட, பக்கத்தில் நிற்கும் தன் காரை நாற்பது மைல் ஓட்ட வேண்டும், ரேடியோவில் மேட்ச் வரும் இடத்தைத் தேடித் தர வேண்டும். ஆர்லீனுக்கு எழுபத்து மூன்று வயது. வலது தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலிக்கும். உதவிக்கு வாரம் இரண்டு நாள் ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னபோது, "கண்டவங்க வந்து என் வீட்டுல நடமாடணுமா?" என்று டெல்மர் முடித்துவிட்டார்.

போன வருடம் மார்ச்சில் ஒருநாள், ஊசி போட்டுவிட்டுத் திரும்ப நாலரை ஆகிவிட்டது. அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவள் கராஜுக்குப் போனாள். ஏணியைப் பார்த்தாள். போர்வைகளைப் பார்த்தாள். அப்படியே அங்கிருந்த பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். உள்ளேயிருந்து, "தொங்க விட்டியா?" என்று குரல் வந்தது. "விட்டாச்சு," என்று வாய் தானாகச் சொன்னது. ஒன்றும் ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை. மறுநாள் அதே பொய் இன்னும் சுலபமாக வந்தது. ஒரு வாரத்தில் மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். நாளுக்குப் பத்து நிமிடம். யாரும் கூப்பிட மாட்டார்கள், ஏனென்றால் அவள் ஏணிமேல் இருக்கிறாள். கொதிக்கும் அந்தக் கராஜில்தான் அவளால் மூச்சு விட முடிந்தது.

டிக்கியில் வெயில் விழுந்துகொண்டிருந்தவரை அவள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் மழைமேகம் மூடி, கராஜில் மங்கலான வெளிச்சம் பரவியபோதுதான் தெரிந்தது. இடது ஓரத்திலிருந்து டிக்கியின் குறுக்கே ஒரு பட்டை. மற்ற இடமெல்லாம் செர்ரிப் பழம். அந்தப் பட்டை மட்டும் பழைய செங்கல். ஆர்லீன் எழுந்து கையால் துடைத்துப் பார்த்தாள், தூசியாக இருக்கக் கூடாதா என்ற ஆசையில். தூசி இல்லை.

மறுநாள் ஒரு பாலிஷ் டப்பாவை வாங்கிவந்து துணியில் தொட்டுத் தேய்த்தாள். துணி சிவப்பாகிவிட்டது. ஐயோ, பெயிண்ட் கழன்று வருகிறதே என்று துணியைத் தூக்கி எறிந்தாள். தேய்த்த இடம் சாஸர் அகலத்துக்குப் பளிச்சென்று நின்றது. இப்போது வெளுத்த பட்டைக்கு நடுவில் ஒரு பளபளப்பான வட்டம் வேறு. நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி, பார்க்கிறவன் கண் நேராக அங்கேதான் போகும்.

அடுத்த வீட்டு வில்மா வேலிக்கு அப்பால் நின்று கதையைக் கேட்டாள்.

"இதுக்கா இப்படி வாடிப் போயிருக்க? அவருக்குத்தான் கண்ணு தெரியாதே. விட்டுத் தள்ளு," என்றாள்.

அந்த வார்த்தை ஆர்லீனுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒன்றரை வருடமாகத் தான் செய்துகொண்டிருப்பதும் அதுதானே! குருடன் என்று தெரிந்துதானே ஏமாற்றினாள்? அதை இன்னொருத்தி வாயால் கேட்கும்போதுதான் அசிங்கம் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை ஹோலிஸ் போன் செய்தார். டொலீடோவில் டெல்மரோடு ஒரே பட்டறையில் இருந்தவர். இப்போது இதே மாநிலத்தில், பழைய கார் கிளப்பில் நடுவர். அந்தக் கிளப்பில் 'அசல் பெயிண்ட்' என்று ஒரு பட்டியல் உண்டு. ஒருமுறைகூட மறுபெயிண்ட் படாமல், வெளுக்காமல், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் கார்களுக்கு மட்டும் அதில் இடம். இந்த மாநிலத்தில் மொத்தம் பதினோரு கார்கள், டெல்மருடையது அதில் ஒன்று. அவற்றின் முன்பக்கத்தில் பித்தளை வில்லை ஒன்று இருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்து, வில்லை இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வார்கள்.

"சனிக்கிழமை வரானாம்," என்றார் டெல்மர். அன்று முழுக்க அவர் முகத்தில் வெளிச்சம். "அந்தக் கழுதைக்கு ஒரு கீறல்கூடக் கிடைக்காது. அஞ்சு வருஷம் முன்ன பூதக்கண்ணாடி வெச்சுத் தேடிட்டுப் போனான். இல்ல ஆர்லீ?"

"ஆமா."

"கார் ஓட்ட முடியாது, பாக்க முடியாது. ஆனா லிஸ்டுல பேரு இருக்கு பாரு. அது போதும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆர்லீன் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டின்போது சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். கொத்துக்கறியைப் பிசைந்து மீட்லோஃப் சுட்டாள், அவருக்குப் பிடித்தது. தட்டை வைத்து, "கறி பன்னெண்டு மணில, பீன்ஸ் ஆறு மணில," என்றாள். உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள்.

"டெல்மர், நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு." அவர் முள்கரண்டியை வைத்துவிட்டுக் காத்திருந்தார். முகத்தை அவள் பக்கம் திருப்பாமல், அவளைப் பார்க்க வேண்டி, சற்று விலக்கித் திருப்பியிருந்தார். எப்போதும் அப்படித்தான் பார்ப்பார். இருந்தாலும் அன்றைக்கு அது அவளை என்னவோ செய்தது.

"நாளைக்கு ஹோலிசுக்கு மதியம் என்ன செய்யட்டும்?"

அவர் மேஜை விரிப்பின் சுருக்கத்தை விரலால் நீவிவிட்டார். "டூனா சாண்ட்விச் போதும். அவன் வாய்க்கு அதுவே ஜாஸ்தி," என்றார் பிறகு. முள்கரண்டியைத் தேடி எடுத்துக்கொண்டார்.

அவள் தன் தட்டைத் தொடாமலே தொட்டிக்குக் கொண்டுபோனாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஹோலிஸ் வந்தார். ஒல்லியான உடம்பு, பெரிய தொப்பி. வாசலிலேயே, "டேய் கிழவா, இன்னும் சாகலியா நீ?" என்று கத்தினார்.

"உன்னை அனுப்பிட்டுத்தான்டா போவேன்," என்றார் டெல்மர்.

கராஜ் கதவை முழுதாக மேலே தூக்கினார்கள். ஹோலிஸ் தொப்பியைக் கழற்றி வைத்தார். பிறகு கைக்கடிகாரம், கல்யாண மோதிரம், கடைசியாக இடுப்பு பெல்ட். பெல்ட்டின் இரும்பு காரில் உரசிவிடக் கூடாது என்பதற்காக இந்தத் தொழில்காரர்கள் செய்கிற மரியாதை இது. எல்லாவற்றையும் ஆர்லீன் கையில் கொடுத்துவிட்டு, கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு காரைச் சுற்ற ஆரம்பித்தார். வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். இன்றைக்கு அந்த மோதிரம் உள்ளங்கையில் பாரமாக இருந்தது.

முன்பக்கம் பார்த்தார். "ம்." வலது பக்கம் பார்த்தார். "ம்ம். புதுசு மாதிரி வெச்சிருக்கடா." டெல்மர் கதவோரம் நாற்காலியில், கைத்தடியின்மேல் இரண்டு கைகளையும் வைத்து உட்கார்ந்திருந்தார். ஹோலிஸ் பின்பக்கம் வந்தார். அங்கே நின்றார்.

நின்றுகொண்டே இருந்தார். பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தார். குனிந்தார். நிமிர்ந்து ஆர்லீனைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. எடுக்கத் தெம்பு இல்லை. தலையை மட்டும் மெல்ல அசைத்தாள், என்ன அர்த்தத்தில் என்று அவளுக்கே தெரியாது. சொல்லாதே என்றா? சொல்லித் தொலை என்றா?

"டெல்மர்..." என்று இழுத்தார் ஹோலிஸ்.

"டிக்கியா?" என்றார் டெல்மர்.

ஹோலிஸ் டார்ச்சை அணைத்தார்.

"எடது ஓரத்துல ஆரம்பிச்சு ஒரு சாண் அகலம் இருக்கும். நடுவுல ஒரு எடம் மட்டும் வழவழன்னு இருக்கும், சாஸர் அளவு. சரியா?"

ஆர்லீனின் கையிலிருந்த பெல்ட் நழுவித் தரையில் விழுந்தது.

"சரிதான்," என்றார் ஹோலிஸ். "எப்படி ஆச்சு?"

"போர்வ வேணாம்னு நான்தான் சொன்னேன். ஏணில ஏறி எறங்கி அவளுக்குத் தோளு போயிடுச்சு. கார் பெருசா, ஆளு பெருசா? எழுதிக்க."

"டேய், தேய்ச்சா கொஞ்சம் நெறம் மேல வரும்டா. இந்தப் பெயிண்டு அப்படித்தானே. அந்த நடு எடத்துல வந்திருக்கு பாரு."

"வரும். ஆனா அது தேய்ச்ச பெயிண்டு. லிஸ்டுல அதுக்கு எடமில்ல. விதிய எழுதினதே நீதானேடா, மறந்துட்டியா?"

ஹோலிஸ் தலையைச் சொறிந்தார். பிறகு டெல்மரே எழுந்து, காரின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டே முன்பக்கம் போய், பையிலிருந்து திருப்புளியை எடுத்து அந்த வில்லையைக் கழற்றினார். திருப்புளியை எப்போது பையில் போட்டுக்கொண்டார்? காலையிலேயே போட்டிருக்க வேண்டும். இரண்டு திருகாணி. இரண்டாவது கொஞ்சம் மக்கர் செய்தது. "இந்தா," என்று நீட்டினார். ஹோலிஸ் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாண்ட்விச் வேண்டாம், இன்னொரு இடம் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, பெல்ட்டைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினார்.

அவர் கார் தெருமுனை திரும்பும்வரை ஆர்லீன் நின்றாள். பிறகு கராஜ் கதவை இறக்கினாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"என்னது?"

"டெல்மர்!"

"போன வருஷம் நவம்பர்ல, தாங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தி," என்றார் அவர்.

"எப்படி?"

"உன் கார்ல ஏறணும்னா இந்தச் செவப்புக் காரத் தடவிக்கிட்டுத்தானே வரேன். நீதானே என் கையப் புடிச்சு டிக்கிமேல வெச்சு, 'இப்படியே புடிச்சிக்கிட்டு வா'ம்ப? நாப்பத்தோரு வருஷம் பெயிண்டத் தொட்ட கை இது, ஆர்லீ. வெயில் தின்ன பெயிண்டு சுண்ணாம்பு மாதிரி சொரசொரன்னு இருக்கும். கண்ணு எதுக்கு அதுக்கு?"

உண்மைதான். ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சுக்குப் போகும்போது, ஒவ்வொரு ஊசி நாளிலும், அவளே அவர் கையை எடுத்து அங்கே வைத்திருக்கிறாள். தன் திருட்டின்மேல் தானே கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

"பதினொரு மாசமாவா?" அவள் குரல் உயர்ந்தது. "பதினொரு மாசமாத் தெரிஞ்சுக்கிட்டே தெனமும் 'தொங்க விட்டியா, தொங்க விட்டியா'ன்னு கேட்டியா? என்னை வெச்சு வேடிக்கை பாத்தியா?"

"இல்ல."

"அப்புறம்?"

"கேக்கறத நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு உனக்குத் தெரிஞ்சுடுமே."

அவள் திரும்பி மூலையிலிருந்த போர்வைகளைப் பார்த்தாள்.

"அதுவுமில்லாம," என்று அவர் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார், "இங்கருந்து திரும்பி வரும்போது உன் நடை மாறியிருக்கும். காதுல கேக்கும். கொஞ்சம் லேசா நடப்ப. போர்வ மாட்டிட்டு வரவ அப்படி நடக்க மாட்டா. சும்மா உக்காந்துட்டு வரான்னு புரிஞ்சுது. நான் கேட்டாத்தானே நீ இங்க வருவ? கேக்கலன்னா அந்தப் பத்து நிமிஷமும் என் பக்கத்துலயே நின்னுட்டிருப்ப. அதான் கேட்டேன்."

வேறொருத்தியாக இருந்தால் இந்த இடத்தில் அழுது, அவர் தோளில் சாய்ந்திருப்பாள். ஆர்லீனுக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அதற்கு அடியிலிருந்து வேறொன்று எழும்பி வந்தது. ஆகஸ்டிலிருந்து தூங்காத தூக்கம், வில்மாவின் முகத்தில் விழிக்கக் கூசிய கூச்சம், அந்தச் சிவப்புத் துணி, நேற்று இரவு தொடாத சாப்பாடு எல்லாம் சேர்ந்து வந்தன.

"பத்து நிமிஷம்," என்றாள்.

"என்ன?"

"ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் குடுத்திருக்க. நூத்திப் பத்து டிகிரி வெயில்ல, ஒரு கராஜுல, பொய் சொல்லிட்டு ஒளிஞ்சு உக்காந்து நான் எடுத்துக்கிட்ட பத்து நிமிஷத்த, நீ குடுத்ததா நெனச்சிக்கிட்டிருக்க. கார் போனாலும் போகுதுன்னு தியாகம் பண்ணியிருக்க. இவ்வளவு நடிச்சதுக்கு, 'ஆர்லீ, நீ களைச்சுப் போயிட்ட, ஆளு வெச்சுக்கலாம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! அது தோணலியா உனக்கு?"

டெல்மர் கைத்தடியால் தரையைத் துழாவினார்.

"எனக்கு முடியல டெல்மர். போர்வையால மட்டும் இல்ல. உன்னாலயும்தான். உன்னைப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு."

ஐம்பத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவள் சொன்னதில்லை. அவள் மடக்கு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

அவர் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, மிச்சமிருக்கும் கண்ணோரத்தால் அவளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"எவ்வளவு வேணும் உனக்கு?" என்றார்.

"எது?"

"நேரம்தான். எவ்வளவு வேணும்?"

ஆர்லீன் பதில் சொல்ல வாயெடுத்தாள். இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை, அவளும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. ஒரு மணி நேரம் என்று சொல்லலாமா? ஒரு மதியம்? மலைப் பக்கம், ஃப்ளாக்ஸ்டாஃபில், சின்ன வயதுத் தோழி ஒருத்தி இருக்கிறாள். அங்கே இப்போது ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கும்.

"ஒரு வாரம்," என்றாள். "அதுக்கப்புறம் வாரத்துல ரெண்டு நாளு அந்தப் பொண்ணு வரணும்."

டெல்மரின் உதடு அசைந்தது. சொட்டு மருந்து யார் விடுவார்கள், தட்டில் எது எங்கே இருக்கிறது என்று யார் சொல்வார்கள் என்ற கேள்வியெல்லாம் அங்கே வரிசையில் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் ஒன்றையும் வெளியே விடவில்லை. கைத்தடியை மட்டும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் பயந்துபோயிருந்தார். அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை, அல்லது அவள் பார்க்கிறாள் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"சரி," என்றார். "போயிட்டு வா."

வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த இறுகிய கைகளைப் பார்த்தவுடன், "சும்மா சொன்னேன், எங்க போகப் போறேன்?" என்று சொல்லியிருப்பாள். இப்போதும் அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆர்லீன் அதைச் சொல்லவில்லை. எழுந்து அவரருகில் போனாள், அவர் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"வா, சாண்ட்விச் இருக்கு, சாப்பிடலாம்," என்றாள். "செவ்வாய்க்கிழமை கெளம்பறேன்."